இரவுத் தூக்கம் காலையிலேயே முடிவாகிறது

தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பாலில் கசகசா போட்டுக் குடி, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய், வடக்கே தலை வைக்காதே, போனை வேறு அறையில் வை, சீக்கிரம் போய்ப் படு என்று பத்து யோசனை வந்து விழும். இவற்றில் சில உதவும், சில உதவாது. கடைசியாகச் சொன்ன யோசனை, பார்க்க நல்லதாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லாமல் யோசனை மட்டும் சொல்வதுதான் இந்த விஷயத்தில் வழக்கமாகிவிட்டது.

தூக்கம் என்பது ராத்திரி படுக்கையில் நடக்கும் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது அன்று காலை எழுந்ததிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. படுக்கை கடைசிக் கட்டம், அவ்வளவுதான்.

காலி டிரம்மும் தண்ணீர் லாரியும்

சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். தண்ணீர் பிடிக்க இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். டிரம் காலியாக இருக்க வேண்டும். லாரியும் வர வேண்டும். லாரி வந்து நிற்கும்போது டிரம் முக்கால்வாசி நிறைந்திருந்தால் இரண்டு குடத்துக்கு மேல் பிடிக்க முடியாது. டிரம் காய்ந்து கிடந்தாலும் லாரி வரும் நேரம் ஆகவில்லை என்றால் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தூக்கத்துக்கும் இப்படி இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத் தூங்கியாக வேண்டிய தேவையும் கூடுகிறது. அதற்குத் தூக்க அழுத்தம் என்று பெயர். இது டிரம்மின் காலி இடம். நீங்கள் களைத்திருக்கிறீர்களா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு நாளின் எந்த நேரம் தூக்கத்துக்கு, எந்த நேரம் விழிப்புக்கு என்று குறித்து வைத்திருக்கும் இன்னொரு ஏற்பாடு உடல் கடிகாரம். இது லாரி. இந்த இரண்டு சக்திகளையும் பிரித்துப் பார்க்கும் விளக்கத்தை 1982-இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் முன்வைத்தார். தூக்க மருத்துவத்தின் அடிப்படைப் பாடமாக இன்றும் இருப்பது அதுதான்.

இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்தால் படுத்த பத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வரும். நேரம் பிசகினால் புரள வேண்டியதுதான்.

காபி என்ன செய்கிறது

மூளையின் உயிரணுக்கள் வேலை செய்யும்போது ஆற்றலைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. காலையில் குறைவாக இருக்கும் இது, பதினைந்து பதினாறு மணி நேரம் விழித்திருந்த பிறகு கணிசமாகச் சேர்ந்திருக்கும். மூளை அணுக்களில் இதற்கென்று உள்ள இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, விழிப்பைத் தூண்டும் பகுதிகளை மந்தமாக்கும். தூங்கும்போது இது குறைகிறது.

காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீன் அடினோசினை அழிப்பதில்லை. அது ஒட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசின் வெளியே சேர்ந்துகொண்டே இருக்கிறது, மூளைக்கு மட்டும் தெரிவதில்லை. கஃபீன் விலகியதும் சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாகப் போய் ஒட்டுகிறது. மதியம் மூன்றரைக்கு மேல் திடீரென்று கண் சொருகுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இங்கே கணக்குதான் முக்கியம். பெரியவர்களின் உடலில் கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும்; கர்ப்பிணிகளுக்கு இன்னும் வெகுநேரம் ஆகும். மாலை 5 மணிக்கு ஒரு டம்ளர் காபி குடித்தால், இரவு 10 மணிக்கு அதில் பாதி உடலில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி 3 மணிக்கும் கால் பங்கு மிச்சம். ‘காபி குடிச்சாலும் எனக்கு நல்லாத் தூக்கம் வரும்’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தூக்கம் வருகிறது, ஆனால் அதில் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைந்துபோகிறது. தூங்குபவருக்கு அது தெரியாது. காலையில் எழுந்ததும் தெளிவில்லாமல், முதல் வேலையாக இன்னொரு காபி தேடுவார்.

இரவு பத்தரைக்குப் படுப்பவர் என்றால் மதியம் 2 மணியோடு நிறுத்துவது நல்லது. நான்கு மணி டிபன் காபியை விடவே முடியாது என்கிற வீடுகளுக்கு ஒரு வழி உண்டு. அந்த வேளைக்கு முதல் டிகாக்‌ஷனை விட்டுவிட்டு இரண்டாம் டிகாக்‌ஷனில் அரை டம்ளர் போட்டுக்கொள்ளலாம். காபித் தூளின் கஃபீனில் பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும். சிக்கரியில் கஃபீன் கிடையாது என்பதால், மாலை வேளைக்கு மட்டும் சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளை வைத்துக்கொள்வதும் உதவும். காபி ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பகல் தூக்கமும் இதே கணக்கில்தான் வருகிறது. மதியம் 3 மணிக்குள் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் கெடுதல் இல்லை, மூளைக்கு நல்லது. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள். அங்கிருந்து எழுப்பினால் தலை கனக்கும், எரிச்சல் வரும், ராத்திரிக்கான அழுத்தமும் குறைந்துவிடும். போனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, கட்டிலில் படுக்காமல் சாய்வு நாற்காலியில் சாய்வது பாதுகாப்பு. எல்லாவற்றையும்விட மோசமானது மாலை ஏழரைக்கு டிவி முன்னால் சோபாவில் வந்துவிடும் அரை மணித் தூக்கம். லாரி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, பக்கத்து வீட்டுக் குழாயில் நான்கு குடம் பிடித்து டிரம்மில் ஊற்றுவதற்குச் சமம் அது. ராத்திரி பதினொன்றுக்கு வயதானவர்கள் ‘தூக்கமே வரலை’ என்று சொன்னால், ஏழரை மணிக்கு என்ன நடந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

தூங்குமூஞ்சி மரத்துக்கு நேரம் எப்படித் தெரிகிறது

அடுத்தது கடிகாரம். சென்னையின் பழைய சாலைகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை மாலையில் கவனியுங்கள். பொழுது சாயும்போது இலைகள் மடங்கிக்கொள்ளும், காலையில் விரியும். வெளிச்சம் போனதால் மடங்குகிறது என்றுதான் தோன்றும். ஆனால் 1729-இல் டி மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தபோது, வெளிச்சமே இல்லாமலும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன. நேரம் செடிக்குள்ளேயே ஓடுகிறது என்பதற்கு முதல் தடயம் அது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு இந்தத் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு கொத்து. உடல் வெப்பம், பசி, ஹார்மோன்கள், விழிப்பு எல்லாவற்றுக்கும் நேர அட்டவணை போடுவது இதுதான்.

இதில் ஒரு குறை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கடிகாரம் ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் எடுக்கிறது. சராசரி சுமார் 24 மணி 10 நிமிடம். தினமும் திருத்தாவிட்டால் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெளியே போகாமல் இரண்டு வாரம் வீட்டுக்குள் அடைந்திருந்தால் படுக்கும் நேரம் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று தானாக நகர்வதற்கு சோம்பேறித்தனத்தைத் திட்டிப் பயனில்லை. திருத்த ஆள் இல்லாத கடிகாரம் அப்படித்தான் ஓடும்.

திருத்துவது வெளிச்சம். பார்வைக்கு உதவும் அணுக்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அளந்து கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்கள் விழித்திரையில் இருக்கின்றன. வானத்தின் நீல வெளிச்சம் இவற்றை அதிகம் தூண்டும். ஒரே வெளிச்சம், வரும் நேரத்தைப் பொறுத்து நேரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வரும். இரவு படுக்கப்போகும் நேரத்தில் படும் பலமான வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும்.

மாலையில் கடிகாரம் அனுப்பும் செய்திதான் மெலடோனின் என்ற ஹார்மோன். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே சுரக்கத் தொடங்கி, இருட்டிவிட்டது என்று உடல் முழுவதற்கும் அறிவிக்கும். அது மயக்க மருந்து அல்ல. மருந்துக் கடையில் மாத்திரையாக வாங்கி விழுங்கினால் அடித்துப் போட்டாற்போல் தூங்கலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இப்போது ‘சீக்கிரம் போய்ப் படு’ என்ற யோசனைக்கு வரலாம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் கடிகாரம் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கும். நாள் முழுக்கச் சேர்ந்த தூக்க அழுத்தத்தைத் தாக்குப்பிடித்து நம்மை நிமிர்த்தி வைப்பதற்காக அந்த ஏற்பாடு. வழக்கமாகப் பதினொன்றரைக்குத் தூங்குபவர், நாளை சீக்கிரம் எழ வேண்டும் என்று ஒன்பது மணிக்கே படுத்தால், சரியாக அந்த நேரத்தில் போய் விழுகிறார். இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, தனக்குத் தூக்கமின்மை நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்.

இதுவரை சொன்னதன் சாரம்: விழித்திருந்த நேரம் தூக்க அழுத்தத்தைச் சேர்க்கிறது. காலை வெளிச்சம் கடிகாரத்தை நேர் செய்கிறது. தூக்கம் வரும் நேரத்தை நாம் கட்டளையிட்டு மாற்ற முடியாது. எழும் நேரத்தை மாற்ற முடியும், மற்றது பின்னால் வரும்.

காலை வெளிச்சம்: எவ்வளவு, எங்கே

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் எரியும் வீட்டு அறையில் கண்ணுக்கு வருவது 100 முதல் 300 லக்ஸ். மேகமூட்டமான நாளில்கூட வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் இருக்கும், 10,000 வரை போகும். நேர் வெயிலில் 1,00,000. நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் அறைக்குள்ளும் ‘நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். காலையில் கடிகாரத்தைத் திருத்த அது போதாது.

ஆகவே எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் கூரைக்கு வெளியே இருக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தேவையும் இல்லை. திறந்த வானம் கண்ணில் படும்படி இருந்தால் போதும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், பவர் கண்ணாடி பரவாயில்லை. சென்னையில் மே கடைசியில் சூரியன் 5.45-ஐ ஒட்டி உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டி. ஆறு மணிக்கு எழுபவருக்குத் தை மாதத்தில் அரை மணி காத்திருக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கால மேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குடைக்குள் நின்றாலும் அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

இதற்காக மெரினாவுக்கோ எலியட்ஸ் கடற்கரைக்கோ நடேசன் பூங்காவுக்கோ போனால் நல்லதுதான், நடையும் சேர்ந்துகொள்ளும். போக முடியாதவர்கள் ஏற்கெனவே செய்யும் வேலையை வெளியே தள்ளினால் போதும். மொட்டை மாடியில் துணி காயப்போடலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், வாசலில் கோலம் போடலாம், பால் பாக்கெட்டை ஆப்பில் வரவழைக்காமல் நடந்துபோய் வாங்கலாம், காபியைப் பால்கனியில் நின்று குடிக்கலாம். ஜன்னலுக்குள் நிற்பது கணக்கில் சேராது. ஜன்னலைவிட்டு இரண்டு மீட்டர் உள்ளே வந்தாலே வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடும். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிப்ட், லிப்டிலிருந்து அலுவலகம் என்று போகிறவர்களும், வீட்டுக்குப் பக்கத்திலேயே சுரங்க மெட்ரோவில் ஏறுகிறவர்களும் காலை வானத்தையே பார்க்காமல் வேலைக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. வயது ஏற ஏறக் கடிகாரம் முன்னுக்கு நகரும். இரவு எட்டுக்கே கண் சொருகி, மூன்றரைக்கு விழித்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு விடிந்ததும் போகும் நடை அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கும். அவர்களுக்கு மாலை ஐந்து மணி நடைதான் சரி. கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும், ஏழரை மணித் தூக்கத்தையும் தடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்கிற வெளிநாட்டுப் பயணம்

வார நாட்களில் ஆறு மணிக்கும், சனி ஞாயிறு எட்டரைக்கும் எழுந்தால் இடைவெளி இரண்டரை மணி நேரம். சென்னைக்கும் ரியாத்துக்கும் உள்ள நேர வித்தியாசம் அதேதான். அதாவது ஒவ்வொரு வெள்ளி இரவும் சவுதிக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பி வந்து, திங்கள் காலை வேலையில் உட்காருகிறீர்கள். ஞாயிறு எட்டரைக்கு எழுந்தவருக்கு அன்றிரவு பத்தரைக்குள் 14 மணி நேர அழுத்தம்தான் சேர்ந்திருக்கும், காலை வெளிச்சமும் தாமதமாகத்தான் பட்டிருக்கும். டிரம்மும் காலியில்லை, லாரியும் தாமதம். திங்கட்கிழமையின் மேல் உள்ள வெறுப்பில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருவது.

எழும் நேரத்தை ஏழு நாளும் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் வைத்திருப்பதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் பழக்கங்களிலும் பலன் அதிகம் தருவது. வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யலாம். வாரத்தில் தூக்கம் குறைந்துவிட்டால், சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, மதியம் குட்டித் தூக்கம் போட்டு, அன்றிரவு அரை மணி முன்னதாகப் படுக்கலாம். எழும் நேரத்தை மாற்ற வேண்டுமென்றாலும் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் இழுக்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் முன்னே கொண்டுவந்தால் நிலைக்கும்.

வெக்கை

குளிர்நாட்டு ஆலோசனைகள் நமக்குப் பொருந்தாத இடம் இது. தூக்கம் வர உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கை, கால் தோல் வழியாக உடல் வெப்பத்தை வெளியே தள்ளுவதால் அது நடக்கிறது. மே மாதச் சென்னையில் ராத்திரியும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, காற்றில் ஈரப்பதம் வேறு. வெப்பம் போக இடமில்லை. வியர்வை ஆவியானால்தான் குளிரும், ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை.

இந்த ஊரில் ஏசியை விட முக்கியம் காற்றோட்டம். தோல்மேல் காற்று ஓடினால்தான் வியர்வை காயும். ஆகவே மின்விசிறி நேராக உடல்மேல் பட வேண்டும். நெருக்கமாக நெய்த கொசுவலை அந்தக் காற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டுக் கட்டிலைத் திறந்து வைப்பது மேல். தரையில் தண்ணீர் தெளிப்பது, ஈரத்துணி தொங்கவிடுவது எல்லாம் மதுரை, வேலூர் மாதிரி வறண்ட வெயிலில் பலன் தரும். கடலோரத்தில் ஈரப்பதத்தைக் கூட்டிப் புழுக்கத்தைத்தான் அதிகமாக்கும். மொட்டை மாடி விஷயம் வேறு. பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரை நள்ளிரவு வரை வெப்பத்தைக் கீழே விடும். மாலை ஐந்தரைக்கு மாடித் தளத்தில் தண்ணீர் ஊற்றினால் கீழ்த்தளத்துக்கு வித்தியாசம் தெரியும். கடற்காற்று வரும் கிழக்குப் பக்க ஜன்னலையும் அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு திறப்பையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று உள்ளே ஓடும்.

ஏசி இருந்தால் 25, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓட விடலாம். 18-இல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்வது மின் கட்டணத்தை ஏற்ற மட்டுமே உதவும். புதிய ஏசிகள் 24-இல் தொடங்கும்படி 2020 முதல் மத்திய அரசு விதித்திருப்பதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான்.

படுப்பதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நன்றாக வேலை செய்யும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, குளித்து முடித்தபின் உள்வெப்பம் வேகமாக இறங்கும். ஐஸ் தண்ணீரில் குளித்தால் அந்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே தங்கும். சித்திரை வெயிலில் மாடி டேங்க்கிலிருந்து வருவதே வெந்நீர்தான், அதனால் கீசர் கவலை இல்லை.

போன் மேல் எவ்வளவு பழி போடலாம்

நீல வெளிச்சம் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். திரையை மஞ்சளாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நம்புகிறார்கள். கைத்தூரத்தில் பிடித்த போன் திரையிலிருந்து கண்ணுக்கு வருவது சில பத்து லக்ஸ்தான். கூரையில் எரியும் எல்இடி பல்பு அதைவிட அதிகம் தரும். பகலில் நிறைய வெளிச்சம் பார்த்தவர்களுக்கு இரவு வெளிச்சத்தின் பாதிப்பும் குறையும். ஆகவே போனின் நிறத்தை மாற்றுவதைவிட, ஒன்பது மணிக்கு மேல் கூரை விளக்குகளை அணைத்துவிட்டு மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிடுவது அதிகம் உதவும்.

போனின் பெரிய கெடுதல் வேறு. அது நேரத்தைத் தின்கிறது. பதினொன்றுக்கு வந்த தூக்கத்தை ‘இன்னும் ஒரே ஒரு ரீல்ஸ்’ என்று பன்னிரண்டரைக்குத் தள்ளுகிறது. அலுவலக வாட்ஸப் குழுவில் மேலாளர் போட்ட ஒரு வரி, திரை மஞ்சளாக இருந்தாலும் நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

படுத்தும் வராவிட்டால்

தூக்கம் வராமல் நெடுநேரம் படுக்கையில் கிடப்பது நாளடைவில் ஒரு பயிற்சியாகிவிடும். கட்டிலைப் பார்த்தாலே கவலை வரும்படி மூளை பழகிக்கொள்ளும். சோபாவில் சொக்கியவர் கட்டிலுக்குப் போனதும் விழித்துக்கொள்வது இதனால்தான். உத்தேசமாக 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியம் குறைவான வேலை ஏதாவது செய்யலாம்: துணி மடிப்பது, பழைய வாரப் பத்திரிகை புரட்டுவது. கண் கனத்த பிறகு திரும்பிப் போங்கள். மறுபடி வராவிட்டால் மறுபடி எழ வேண்டும். ஆனால் மணி பார்க்காதீர்கள். ‘இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு’ என்ற கணக்கு யாரையும் தூங்க வைத்ததில்லை.

எவ்வளவு தாமதமாகத் தூங்கினாலும் மறுநாள் அதே நேரத்துக்கு எழ வேண்டும். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், பகலில் தூக்கம் தள்ளும். அந்தத் தள்ளல்தான் இரவுக்கு நாம் சேர்க்கும் அழுத்தம். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டாம்.

மது தூக்கம் தரும் என்பது பாதி உண்மை. சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். கனவு வரும் தூக்கத்தையும் குறைக்கும். ராத்திரிச் சாப்பாட்டை படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிப்பது நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அவசியம், மற்றவர்களுக்கு நல்லது.

மனதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு

தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வரும். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் நீளும். இரவு இரண்டு வரை படித்துவிட்டு ஐந்துக்கு எழும் பிளஸ் டூ மாணவர் இழப்பது பெரும்பாலும் இந்தக் கனவுத் தூக்கத்தைத்தான். உணர்ச்சிகளைப் பதப்படுத்துவதிலும் படித்ததைப் பதிய வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்த வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை, பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது.

தூக்கம் குறைந்த மூளையில் பயத்தையும் கோபத்தையும் எழுப்பும் பகுதி அதிகம் துள்ளும். அதை அடக்கி வைக்கும் முன்மூளையின் பிடி தளரும். சிக்னலில் ஹாரன் அடித்தவன்மேல் வரும் கோபம் நேற்றைய தூக்கத்தின் பாக்கியாக இருக்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே. தூக்கம் கெடுவதும் அவற்றை வரவழைக்கும். இரண்டு பக்கமும் ஓடும் பாதை இது.

‘எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். அவர்களுடைய கவனமும் வேகமும் நாளுக்கு நாள் இறங்கி, இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்தன. ஆனால் ‘எவ்வளவு தூக்கக் கலக்கம்?’ என்று கேட்டபோது கொஞ்சம்தான் என்றார்கள். தூக்கம் குறைந்ததை அளக்க வேண்டிய மூளையே தூக்கம் குறைந்த மூளையாக இருப்பதுதான் சிக்கல்.

இரவுப் பணிக்காரர்களுக்கு

சென்னையின் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையிலும் மருத்துவமனைகளிலும் ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். பணிக்குப் போகுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். காபியைப் பணியின் முதல் பாதியோடு முடித்துவிட வேண்டும். காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்தால் காலை வெளிச்சம் கடிகாரத்தைக் குழப்புவது குறையும். ஆனால் இது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவர்களுக்கு மட்டும். இரவுப் பணி முடித்துத் தானே பைக் ஓட்டி வருவதைத் தவிர்ப்பது, கண்ணாடி எல்லாவற்றையும்விட முக்கியம். வீடு வந்ததும் தள்ளிப்போடாமல் படுத்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான திரை வேண்டும். அது இல்லாவிட்டால் அட்டையோ அலுமினியத் தாளோ ஒட்டினாலும் போதும். விடுமுறை நாளில் முழுப் பகல்காரராக மாறாமல், பின்னிரவு மூன்றிலிருந்து காலை பதினொன்று வரை என்று நடுவில் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டால் மாற்றம் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது. வாரத்துக்கு ஒரு பணிநேரம் என்று மாறி மாறி வருபவர்களுக்கு நல்ல தீர்வு எதுவும் இல்லை. அட்டவணையை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் மருந்து.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

பழக்கத்தால் சரியாகாத தூக்கக் கோளாறுகள் உண்டு. உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்குவது ஆகியவை தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோயின் அறிகுறிகள். இதைக் கவனிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர்தான், எனவே அவரையும் அழைத்துக்கொண்டு நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் கட்டாயம் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் தாமாகத் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல், அது மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. படுக்கை நேரத்தையும் தூக்கத்தைப் பற்றிய கவலைகளையும் படிப்படியாகச் சீர் செய்யும் பேச்சுவழிச் சிகிச்சை. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இதைக் கேட்டுப் பெறலாம். மனச்சோர்வும் கூடவே இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

போகும்போது இரண்டு வாரக் குறிப்பேடு ஒன்று கொண்டுபோங்கள். தினமும் ஆறே விவரம்: விளக்கணைத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், இரவில் எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், பகலில் எப்போது தூங்கினீர்கள், கடைசிக் காபி எப்போது என்பதும் அதே வரியில். காலையில் எழுதுங்கள், நிமிடக் கணக்கு வேண்டாம். மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் பாதிக்கு அந்த ஒரு தாளிலேயே பதில் இருக்கும்.